விநாசித்தம்பிக்கு அருள் வந்த கதை

மலாயாவில் கெலுகோர் பக்கம் போய் கனகேஸ்வரி வீடு எது என்று விசாரித்தால், "வெத்தலை டீச்சர் வீடா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். அவள் வாழ்நாளில் வெற்றிலை போட்டவள் இல்லை. ஆனால் அவள் வாய் எந்நேரமும் எதையோ மென்றுகொண்டே இருக்கும். நாக்கு உள்ளிருந்து கன்னத்தை முட்டும், உதடு குவியும், விரியும், மறுபடி மெல்லும். தமிழ்ப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவள். பிள்ளைகள் முதலில் அவள் முதுகுக்குப் பின்னால் அந்த வாயை நடித்துக் காட்டினார்கள், பிறகு நேருக்கு நேராகவே காட்டினார்கள். தலைமையாசிரியர் ஒரு நாள் கூப்பிட்டு, கொஞ்ச காலம் வீட்டில் ஓய்வாக இருங்கள் என்று இதமாகச் சொன்னார். அந்தக் கொஞ்ச காலம் முடியவே இல்லை.

அதன் பிறகு அவள் தூள் வறுத்து விற்றாள். யாழ்ப்பாணத்துக் கறித்தூள். சௌராஸ்தா பசாரில் செத்தல் மிளகாயும் மல்லியும் வாங்கிவந்து, பின்கட்டு சிங்க் தகரக் கூரையில் காயப்போட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கருக வறுப்பாள். மிளகாய் வறுக்கும் நாளில் அந்த வரிசை வீடுகள் முழுக்கத் தும்மும். பக்கத்து வீட்டு ரோசம்மா தும்மிக்கொண்டே வந்து, தனக்கு ஒரு பொட்டலம் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போவாள்.

அவள் கணவர் விநாசித்தம்பி துறைமுக அலுவலகத்தில் தலைமைக் கிளார்க். மடிப்புக் கலையாத வெள்ளைக் கால்சட்டை, கையில் குடை, பேச்சில் ஓர் அளவு. வீட்டில் சத்தம் கேட்டால் ஆகாது. அவர்களுக்குப் பிறந்த ஒரே குழந்தை எழுபத்து நாலாம் வருடம் பிறந்த வாரத்திலேயே போய்விட்டது. கனகேஸ்வரி குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அதன் சத்தத்துக்குள் உட்கார்ந்து அழுதாள். சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, பிறகு சுவரோடு பேச ஆரம்பித்தாள். ஒரு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அழுகை நின்றது. அன்றிலிருந்து தினமும் இரவுச் சாப்பாடு முடிந்ததும் விநாசித்தம்பி தன் கையாலேயே மாத்திரையை அவள் உள்ளங்கையில் வைப்பார். அவள் விழுங்கும்வரை பக்கத்திலேயே நிற்பார். பெண்டாட்டியை இப்படித் தாங்குகிற மனுஷன் உண்டா என்று தெருவே மெச்சியது. கனகேஸ்வரியும் அப்படித்தான் நினைத்திருந்தாள். அதை நினைத்துத்தான் பிற்பாடு அவளுக்கு அதிகமாக எரிந்தது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம் விநாசித்தம்பிக்குத் தலைகால் புரியாமல் போயிற்று. வாய் ஓயாத பேச்சு, பொட்டுத் தூக்கம் இல்லை. காலையில் பட்டர்வொர்த் ஃபெரியில் ஏறி, பொழுது சாயும்வரை இறங்காமல் அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வந்து, பயணிகளுக்கெல்லாம் கூடை கூடையாக வாழைப்பழம் கொடுத்தார். கெப்பாலா பத்தாஸ் நில அலுவலகத்துக்குள் நுழைந்து, இதை நடத்துகிற விதம் இதுவல்ல என்று கிளார்க்குகளை எழுப்பிவிட்டுத் தானே நாற்காலியில் உட்கார்ந்தார். போலீஸ்காரர்கள் அவரை வீட்டில் கொண்டுவந்து விட்டபோது, அவர்களையும் விருந்துக்கு அழைத்தார். மறுநாள் கனகேஸ்வரி அவரைப் பெரியாஸ்பத்திரி மனநல கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே டாக்டர் சலேஹா என்ற மலாய்க்காரப் பெண். அவர் விநாசித்தம்பியைப் பார்த்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தார், ஆனால் கண் அடிக்கடி கனகேஸ்வரியின் வாய்க்குப் போய்வந்தது. கடைசியில், அம்மா என்ன மருந்து சாப்பிடுகிறார், எத்தனை காலமாக, யார் எழுதிக் கொடுக்கிறார் என்று கேட்டார். கனகேஸ்வரி வாய் திறப்பதற்குள் விநாசித்தம்பி முந்திக்கொண்டார். ஆங்கிலமும் மலாயும் கலந்து அவர் அன்று பெருமையாகச் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படித்தான் வரும்.

"நான்தான் டாக்டர் இவளுக்கு. மூணு மாசம் குடுத்துட்டுத் திருப்பிக் கூட்டிட்டு வாங்கன்னு அந்த டாக்டர் சொன்னாரு. எதுக்கு? நிறுத்துனா மறுபடி அழுவா. எனக்குத் தெரிஞ்ச மருந்துக்கடைக்காரர் ஒருத்தர் சீட்டு இல்லாமயே குடுப்பாரு. பதினாலு வருசம் வீடு எவ்வளவு அமைதி தெரியுமா? வாய் மட்டும்தான் ஆடுது. அதுக்குத்தான் சத்தம் இல்லயே லா."

நோய் வந்ததால் வாய்ப்பூட்டு கழன்ற மனுஷன். நல்ல புத்தியோடு இருந்திருந்தால் செத்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

டாக்டர் சலேஹா எழுந்து வந்தார். கனகேஸ்வரியை நாக்கை நீட்டச் சொன்னார், விரல்களை ஒவ்வொன்றாகத் தட்டச் சொன்னார், நடக்கவிட்டுப் பார்த்தார். பிறகு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு மலாயில் நிதானமாக விளக்கினார். மனதுக்கான மருந்து எல்லாம் ஒரே மருந்து இல்லை. சோர்ந்து கிடப்பவரை எழுப்பிவிடுவது ஒரு வகை. தூங்க வைப்பது ஒரு வகை, அது பழக்கமாகிவிட்டால் விடாது. குழம்பிக் கொந்தளிக்கிற மனதை அடக்குவது இன்னொரு வகை, உங்களுடையது அது. கெட்ட மருந்து இல்லை, எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் கொடுப்பவர் அவ்வப்போது கூப்பிட்டுப் பார்க்க வேண்டும், போதும் என்றால் குறைக்க வேண்டும். பார்க்காமல் வருடக்கணக்கில் கொடுத்தால் சிலருக்கு வாயும் நாக்கும் தானாகவே ஆடத் தொடங்கிவிடும். இனி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம், ஆனால் வாய் ஆடுவது நிற்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது என்றார்.

அடுத்து விநாசித்தம்பியின் மருந்து. பேர் லித்தியம். இது வேறு வகை, மனம் தாறுமாறாக ஏறி இறங்காமல் பிடித்து வைப்பது. இதுவே ஒரு வகை உப்பு. சாப்பாட்டு உப்புக்கும் இதற்கும் உடம்புக்கு வித்தியாசம் தெரியாது. சாப்பாட்டில் உப்பைக் குறைத்தால் சிறுநீரகம் இதை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும், மருந்து விஷமாகிவிடும். அதனால் உப்பைக் குறைக்காதீர்கள், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள், ரத்தப் பரிசோதனைக்குத் தவறாமல் கூட்டிவாருங்கள். கை அதிகமாக நடுங்கினால், வாந்தி வந்தால், நடை தள்ளாடினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. விநாசித்தம்பி அந்த நேரம் ஜன்னல் வழியாக நடையில் போகிறவர்களுக்கெல்லாம் கையசைத்துக்கொண்டிருந்தார். கேட்டது கனகேஸ்வரி மட்டும்தான். ஒன்றாம் வகுப்பு டீச்சருக்கு ஒருமுறை கேட்டால் போதும், மறக்காது.

மாத்திரை குறையக் குறைய அவளுக்குள் என்னவெல்லாமோ முழித்துக்கொண்டன. மழை வாசம் தெரிந்தது. செத்த குழந்தையின் முகம் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால் முழித்துக்கொண்டது கோபம். பதினாலு வருடமாகத் தூங்கி எழுந்த கோபம் அது, நல்ல பசியோடு எழுந்தது. பாத்திரம் கழுவும்போதும் மல்லி புடைக்கும்போதும் அந்த ஒரு வாக்கியம் அவள் காதில் ஓடிக்கொண்டே இருந்தது. வாய் மட்டும்தான் ஆடுது, அதுக்குத்தான் சத்தம் இல்லயே.

லித்தியம் வேலை செய்தது. இரண்டு மாதத்தில் விநாசித்தம்பி பழையபடி அளந்து பேசும் ஆளானார். ஆனால் ஃபெரியில் நடந்ததை நினைத்து வெளியே தலைகாட்ட வெட்கப்பட்டார். கிளினிக்கில் தான் பேசியது அவருக்கு நினைவில் இல்லையோ, இல்லாததுபோல் இருந்தாரோ, அதைப் பற்றி வாயைத் திறக்கவே இல்லை. ஒரு மன்னிப்பு, ஒரு விசாரிப்பு, ம்ஹும். அவள் வாயைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இந்தச் சமயத்தில்தான் அவருடைய தமக்கை யோகம்மா பட்டர்வொர்த்திலிருந்து பெட்டியோடு வந்து இறங்கினாள். யாழ்ப்பாணத்தில் பிறந்து, கல்யாணம் கட்டிக் கப்பலேறி வந்தவள். நாற்பது வருடம் மலாயாவில் இருந்தும் பேச்சு மட்டும் ஊர்ப்பேச்சு.

"மருந்தை நிப்பாட்டு எண்டு நான் சொல்லேல்லைத் தம்பி, அது ஒரு பக்கம் இருக்கட்டும்," என்றாள். "உனக்கு இது சனியன்ர வேலை. தைப்பூசத்துக்கு உப்பில்லாமல் விரதம் பிடிச்சுத் தண்ணீர்மலை முருகனுக்குக் காவடி எடு. சனமும் உன்னைப் பழையபடி மதிக்கும்."

விநாசித்தம்பிக்கு அந்தக் கடைசி வார்த்தை பிடித்துப்போயிற்று. சமையலறை வாசலில் வந்து நின்று, நாளையிலிருந்து தனக்கு உப்பில்லாத சாப்பாடு, ஒரு மண்டலத்துக்கு, என்று அறிவித்தார். கனகேஸ்வரி அடுப்பிலிருந்து திரும்பினாள். டாக்டர் சொன்னது அத்தனையும் வரி பிசகாமல் நினைவில் இருந்தது. வாயைத் திறக்கப் போனாள்.

"என்ன, சும்மா மென்னுக்கிட்டே நிக்கிற? அந்த டாக்டரம்மா ஏதாச்சும் சொன்னாங்களா?" என்றார் அவர்.

"மாத்திரைய விடாம சாப்பிடச் சொன்னாங்க," என்றாள் கனகேஸ்வரி.

பொய்யில்லையே.

மறுநாளிலிருந்து அவருக்கென்று புதுச் சட்டி. கீரை, பூசணி, வாழைக்காய், பருப்பு, எல்லாம் உப்பில்லாமல். கைபிசகாகக்கூட ஓர் உப்புக்கல் விழுந்துவிடாதபடி அத்தனை கவனமாகச் சமைத்தாள். யோகம்மா சட்டியை எட்டிப் பார்த்து, என்ன பக்தி என்று மெச்சினாள். கனகேஸ்வரி தனக்கு எலுமிச்சை ஊறுகாயைத் தாராளமாக வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். அத்தனை வருடம் கழித்து நாக்கில் உப்பு உறைத்தது. இரவில் லித்தியம் மாத்திரையைத் தன் கையாலேயே அவர் உள்ளங்கையில் வைத்து, விழுங்கும்வரை பக்கத்தில் நின்றாள்.

அந்த ஜனவரி மழையே இல்லை. கூரையில் போட்ட மிளகாய் ஒரே நாளில் சருகானது. விநாசித்தம்பி மொட்டை வெயிலில் செருப்பில்லாமல் தெருவைச் சுற்றி நடந்து பழகினார், வேர்த்து ஊற்றியது. ரத்தம் எடுக்க வேண்டிய நாள் வந்தபோது, விரதக்காரன் ஊசி குத்திக்கொள்ளலாமா என்று தானே கேட்டுத் தானே கூடாது என்று தீர்ப்பும் சொன்னார். கனகேஸ்வரி மறுத்துப் பேசவில்லை.

முதலில் கை நடுங்கியது. பால் டம்ளர் உதட்டுக்குப் போவதற்குள் பாதி வேட்டியில் கொட்டியது. வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ரோசம்மா அதைக் கவனித்துவிட்டு, மெதுவாகக் கனகேஸ்வரியை அழைத்தாள்.

"அக்கா, அண்ணனுக்குக் கை எப்படி ஆடுது பாத்தீங்களா? கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போங்க லா."

"விரதம் ரோசா. உடம்பு தளர்ந்து போச்சு."

"நீங்க பாத்துக்கிட்டா சரி," என்றாள் ரோசம்மா. ஆனால் அவள் கனகேஸ்வரியின் முகத்தைப் பார்த்த பார்வையில் ஒரு சந்தேகம் இருந்தது. அதன் பிறகு தூள் வாங்க வரவில்லை.

வெள்ளிக்கிழமை வீட்டில் பஜனை. யோகம்மா ஏற்பாடு. முன்கூடத்தில் வேல் வைத்து, கற்பூரம் ஏற்றி, உறுமி அடிக்க ஆரம்பித்ததும் விநாசித்தம்பியின் கை உதறியது, தோள் உதறியது, பிறகு முழு உடம்பும் வெட்டி வெட்டி இழுத்தது. யோகம்மா எழுந்து கைகூப்பி, தம்பிக்கு அருள் வந்திட்டுது என்றாள். அவ்வளவுதான். பாடிக்கொண்டிருந்தவர்கள் காலில் விழுந்தார்கள். வாழைப்பழக்காரர் என்று சிரித்த தெரு, மறு வாரம் தேங்காய் பழத்தோடு வாசலில் வரிசை கட்டியது. அவருக்கு நாக்கு தடித்துச் சொல் குழறியது, அதுவும் தெய்வ வாக்காயிற்று. பத்து காவான் என்ற தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கும் தன் மகனுக்கு மாற்றல் கிடைக்குமா என்று யோகம்மா கேட்டாள். அவர் என்னவோ முனகிக் கையை வீசினார். போகச் சொல்லுறார் முருகன் என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கனகேஸ்வரி சமையலறையில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். குழந்தை போன பிறகு அவள் வயிறு வலிக்கச் சிரித்தது அன்றுதான். தன் வாய் ஆடியபோது வெற்றிலை டீச்சர் என்றவர்கள், அவர் உடம்பு ஆடும்போது சாமி என்கிறார்கள். இரண்டும் மாத்திரை செய்த வேலை. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அதில் ஒரு சுகம் இருந்தது, அதை ஒளிப்பானேன். ஆடட்டும், நன்றாக ஆடட்டும் என்று மனசாரச் சொல்லிக்கொண்டாள்.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம் அவர் விழுந்தார். காலையிலிருந்து வாந்தி, வயிற்றுப்போக்கு. எழுந்து நிற்க முடியவில்லை. கண் எங்கோ அலைந்தது, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. யோகம்மா யாரையும் தொடவிடவில்லை. முருகன் உடம்பைச் சுத்தப்படுத்துகிறார் என்று சொல்லி நெற்றி முழுக்கத் திருநீறு அப்பினாள். கூடம் நிறைய ஆட்கள், தேவாரம், கற்பூரப் புகை. கனகேஸ்வரி கதவோரம் நின்று பார்த்தாள். இன்னும் ஒரு நாள் தாங்கும், மிஞ்சினால் இரண்டு நாள் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் அவள் அசையவில்லை.

பஜனைக் கோஷ்டியின் மூத்தவர் ஒருவர் அவள் பக்கம் திரும்பி, மிகுந்த பணிவோடு பேசினார்.

"அழாதீங்கம்மா. இப்படிப் போறதுக்குக் குடுத்து வச்சிருக்கணும். அவரு சாதாரண மனுசனா? பொண்டாட்டிக்குத் தன் கையால மருந்து குடுத்துக் காப்பாத்தின புண்ணியவான். வருசா வருசம் இந்த வீட்ல குருபூசை பண்ணுவோம்."

கனகேஸ்வரிக்கு அந்த நிமிடம் எல்லாம் கண்முன்னே வந்து நின்றது. இதே கூடத்தில் மாலை போட்ட படம். படத்தில் மடிப்புக் கலையாத அவர், அதற்குக் கீழே விளக்கு. வருகிறவர்கள் எல்லோரும் அவர் பெருமையைப் பேசுவார்கள். மூலையில் நின்று வாயை மெல்லும் இவளைக் காட்டி, இந்தப் பைத்தியத்தைக் கட்டிக்கொண்டு எப்படித்தான் வாழ்ந்தாரோ என்பார்கள். குருபூசைக்குச் சமைப்பதும் இவளாகத்தான் இருக்கும். அடப்பாவி, செத்தும் ஜெயிக்கப் போகிறாயா என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இவ்வளவு நாள் பொத்திப் பொத்தி வைத்த பழி, அவரைச் சாமியாக்கிவிட்டு அவள் கையை விட்டுப் போகப் பார்த்தது.

அவள் கூடத்தைக் கடந்து வாசலுக்குப் போய், முனையில் நின்ற டாக்சிக்கார அப்துல் ஹமீதைக் கைதட்டிக் கூப்பிட்டாள். திரும்பி வந்தபோது யோகம்மா வழியை மறித்து நின்றாள்.

"அருள் இறங்கின உடம்பைத் தொடாதை. குடும்பத்துக்கே ஆகாது."

"அருளும் இல்ல, மண்ணும் இல்ல," என்றாள் கனகேஸ்வரி. "சாப்பிட்ட மருந்து விஷமாயிருச்சு. நாலு பேரு வந்து தூக்குங்க."

ஒன்றாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைத்த குரல் அது. நாலு பேர் வந்து தூக்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ஓடினார்கள், கையில் ஊசி ஏற்றிப் பாட்டிலைத் தொங்கவிட்டார்கள். பின்னாலேயே வந்து சேர்ந்த யோகம்மா, பாட்டிலில் என்ன என்று நர்ஸ் மிசியிடம் கேட்டாள். உப்புத் தண்ணீர் என்றாள் மிசி. யோகம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தனை நாள் விரதம் நரம்பு வழியாக முறிந்துகொண்டிருந்தது. அன்று மாலையே அவள் பட்டர்வொர்த்துக்குக் கிளம்பிவிட்டாள்.

தண்ணீர்மலையில் காவடிகள் ஏறி இறங்கி, தெருவெல்லாம் உடைத்த தேங்காய் வாசமாகக் கிடந்த நாட்களை விநாசித்தம்பி வார்டில் கழித்தார். தெளிந்து கண் திறந்தபோது டாக்டர் சலேஹா கட்டிலருகே நின்று, சாப்பாட்டில் என்ன மாற்றம் செய்தீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். உப்பில்லாத விரதம் என்றாள் கனகேஸ்வரி. நான் சொன்னேனே என்றார் டாக்டர்.

"சொன்னீங்க. எனக்கு எல்லாம் நினைவிருந்துச்சு," என்று மலாயில் பதில் சொன்னாள்.

டாக்டர் சலேஹா அவள் வாயையே வெகுநேரம் பார்த்தார். பிறகு வேறு யாருக்கோ சொல்வதுபோல, உயிருக்குப் பயமில்லை, ஆனால் இந்த நடுக்கமும் தள்ளாட்டமும் முழுக்கப் போகும் என்று சொல்வதற்கில்லை, இனி மருந்தையும் சாப்பாட்டையும் ஒருவர் கூடவே இருந்து கவனிக்க வேண்டும், யார் பார்ப்பது, நீங்களா, நான் வேறு ஏற்பாடு செய்யட்டுமா என்று கேட்டார். நான்தான் பார்ப்பேன் என்றாள் கனகேஸ்வரி. கிளினிக்குக்கு வாராவாரம் நேரில் வர வேண்டும், ரத்தத்தை நானே பார்ப்பேன் என்று அழுத்திச் சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

விநாசித்தம்பி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். பேச்சு இன்னும் திக்கியது.

"உனக்கு... தெரியுமா?"

"தெரியும்."

"மொதல்லேருந்தே?"

"நீங்க கிளினிக்ல என்னைப் பத்திப் பெருமையாச் சொன்ன அன்னைக்கேதான். நீங்க சொன்னதையும் கேட்டேன், அவங்க சொன்னதையும் கேட்டேன்."

அவர் கண்ணை மூடினார். தான் என்ன சொன்னோம் என்று அவர் கேட்கவில்லை. அப்போது அவளுக்குத் தெரிந்தது, இத்தனை நாளும் அவருக்கு அது நினைவில்தான் இருந்திருக்கிறது என்று.

"அப்போ ஏன் இங்க கொண்டாந்த? விட்டிருக்கலாமே."

"செத்திருந்தா சாமியாயிருப்பீங்க," என்றாள் கனகேஸ்வரி. குரலை உயர்த்தவில்லை. போர்வையை இழுத்துச் சரி செய்துகொண்டேதான் சொன்னாள். "படம் மாட்டிப் பூசை பண்ணக் காத்துக்கிட்டு இருந்தாங்க. உங்களுக்கு அது எதுக்கு? நீங்க இருக்கணும். கை ஆட, கால் ஆட, நானும் நீங்களும் ஒண்ணா பசாருக்குப் போகணும். ரெண்டு பேருக்கும் ஏன் இப்படி ஆச்சுன்னு யாராச்சும் கேட்டா, நான் பதில் சொல்வேன். நீங்க பக்கத்துல நின்னு கேக்கணும்."

வார்டு ஆள் கஞ்சியை வைத்துவிட்டுப் போனான். கனகேஸ்வரி கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். விநாசித்தம்பி கரண்டியைத் தானே பிடித்துப் பார்த்தார். அது பல்லில் மோதிக் கஞ்சி கழுத்தில் வழிந்தது. அவள் துடைத்துவிட்டாள், கரண்டியை வாங்கினாள், ஒரு வாய் எடுத்து ஆற்றி நீட்டினாள். அவர் கரண்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், நடையில் மிசி யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். யாரும் வரவில்லை.

"இதுல உப்பு இருக்கா?" என்று கேட்டார்.

கனகேஸ்வரி கரண்டியை நீட்டியபடியே காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் வாயைத் திறந்தார்.